இரண்டாவது பற்றரியா, பெரிய அல்டர்னேட்டரா?

பாசிக்குடாவுக்கு ட்ரிப் ஓடும் வானில் 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) அம்பிளிபயர் பூட்டியபின் பாட்டின் அடிக்கு அடி ஹெட்லைட் மங்கினால், பலர் முதலில் வாங்குவது இன்னொரு பற்றரி. கணக்கைப் பாருங்கள்: மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை அம்பிளிபயரின் வினைத்திறன் 80 சதவீதம் என்றால், 13.8 வோல்ட்டில் முழுச் சத்தத்தில் அது இழுப்பது சுமார் 90 அம்பியர். எஞ்சின் சுழற்ற மின்சாரம் உண்டாக்கும் அல்டர்னேட்டர் 70 அம்பியர் என்றால், லைட்டையும் ஏசியையும் சேர்த்து இதை எப்படித் தாங்கும்?

பற்றரி மின்சாரத்தைச் சேமிக்கும், உண்டாக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடற்கரையில் பாட்டுப் போடுபவருக்கு அதுதான் சரி. ஆசனத்துக்குப் பின்னால் வைப்பதானால் ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறிய, மூடிய பற்றரி) வகையே வேண்டும். சாதாரண அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவை விடும். இரண்டு பற்றரிகளுக்கும் அருகிலேயே, 45 சென்ரிமீற்றருக்குள், தனித்தனி பியூஸ் போடுங்கள்.

ஓடும்போதே சத்தமாகக் கேட்பவருக்கு 150 அம்பியருக்கு மேற்பட்ட அல்டர்னேட்டர்தான் தீர்வு. ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) எத்தனை அம்பியர் தரும் என்று கேட்டே வாங்குங்கள். பழைய சார்ஜிங் வயரை அப்படியே விட்டால் சூடேறி உருகும். அல்டர்னேட்டர்–பற்றரி பிளஸ், பற்றரி மைனஸ்–பொடி (வாகனத்தின் உலோக உடல்), எஞ்சின்–பொடி மூன்றுக்கும் 1/0 கேஜ் எனும் தடித்த தனிச்செம்பு வயர் இழுங்கள். செம்பு பூசிய அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் எர்த் முனை (மைனஸ் வயர் பொடியில் சேரும் இடம்) சீக்கிரம் கெடும். பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பாட்டு ஓடும்போது அம்பிளிபயர் எர்த்துக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையே மல்டிமீற்றர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் அதைத் திருத்துங்கள். அதுவரை இரண்டில் எதையும் வாங்க வேண்டாம்.