யானைமலையா, நாகமலையா?

மதுரையில் அரை நாள்தான் இருக்கிறது, எந்த மலைக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்காக இது. இரண்டுமே உருவத்தால் பேர் வாங்கியவை.

உருவம்
யானைமலை: ஒரே பாறை. மேலூர் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே மத்தகத்தின் புடைப்பும் முதுகின் நீளமும் தெரியும். துதிக்கையை நீட்டிப் படுத்த யானையேதான். யாரும் விளக்க வேண்டாம்.
நாகமலை: நீண்டு போகும் முகடு. பக்கத்தில் நின்றால் பாம்பு பிடிபடாது, தள்ளி நின்று முழு நீளத்தையும் பார்க்க வேண்டும்.

போக்குவரத்து
யானைமலை: மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.
நாகமலை: மேற்கே, காமராசர் பல்கலைக்கழகப் பக்கம்.

பார்க்க
யானைமலை: அடிவாரத்தில் பாறையைக் குடைந்து எடுத்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கினார். அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்தார். கல்வெட்டின் காலம் கி.பி. 770. அப்புறம் மேலே சமணர் குகையும் சிற்பங்களும் உண்டு. இந்தப் பாறையைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள் என்பேன்.
நாகமலை: அடிவாரத்து ஊர்களும் முகட்டின் காட்சியும்.

முதல் தடவை வருபவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் யானைமலைக்கே போங்கள். வண்டியில் தேனிப் பக்கம் போகிறவர்களுக்கு நாகமலை வழித்துணையாகவே வரும், சரி, தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.