4711 ஓடிகொலோன்: மணம் பிடிக்கிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது

கூட வேலை பார்க்கும் தோழி கேட்டார்: "வீட்ல ரெண்டு பேரும் ஒரே சென்ட் பாட்டிலைப் போட்டுக்கணும். பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்குத் தலைவலி வரக்கூடாது. எது நல்லாயிருக்கும்?" பல வருஷமாக என் அலமாரியில் இருப்பது 4711. ஆனாலும் "அதையே வாங்குங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

காரணம் ஒன்றே ஒன்று. நிற்காது. குளித்துவிட்டுக் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவிக்கொண்டு கிளம்பினால், பஸ் ஏறுவதற்குள் பாதி போயிருக்கும். ஆபீஸ் வாசலில் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால் வெறும் தோல்தான். சென்னையின் மே மாதத்தில் இன்னும் மோசம். பழகிவிட்டது என்று விட்டுவிட முடியவில்லை, இன்றைக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது.

எரிச்சல் ஏன் என்றால், அந்த முதல் பத்து நிமிடம் அவ்வளவு அருமை. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்ததும் எலுமிச்சையும் அதே இனத்துப் பழமான பெர்கமோட்டும் சுளீரென்று எழும், அப்போதுதான் தோலுரித்த பழம் மாதிரி. கொஞ்சம் அடங்கியதும் ரோஸ்மேரியின் பச்சிலை வாசம், அதன் அடியில் நெரோலி. ஆரஞ்சுப் பூவிலிருந்து வடிக்கும் அந்த எண்ணெயில் லேசான கசப்பும் சோப்பின் சுத்தமும் சேர்ந்திருக்கும். இனிப்பு துளியும் இல்லை. ஆண் வாசனை, பெண் வாசனை என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

நியாயமாகப் பார்த்தால் நிற்காதது இதன் குறையல்ல, பிறவிக்குணம். ஓடிகொலோன் வகையில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான், மீதி பெரும்பாலும் ஆல்கஹால். அந்த எண்ணெயிலும் சிட்ரஸ், அதாவது எலுமிச்சை இனத்து வாசம்தான் அதிகம், அதன் மூலக்கூறுகள் இலேசானவை, உடல் சூட்டில் உடனே ஆவியாகிவிடும். பிடித்துவைக்கக் கனமான மஸ்க்கோ (கஸ்தூரி வாசம்) ஆம்பரோ (பிசின் வாசம்) பெரிதாகக் கிடையாது. 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் தொடங்கிய வழி இது. அதே ஊரின் குளோக்கன்காசே தெருவில் இருந்த வீட்டின் இலக்கம்தான் 4711. ஆரம்பத்தில் இதை மருந்தாகக் குடித்தும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணியைப் போடுவதும் சும்மா இல்லை, ஆல்கஹால் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது.

இதன் உண்மையான இடம் கைக்குட்டை என்பது என் முடிவு. பருத்திக் கைக்குட்டையின் நடுவில் ஊற்றி நாலாக மடித்துப் பையில் வைத்துவிடுவேன். துணியில் உடல் சூடு குறைவு, மடிப்புக்குள் காற்றும் அதிகம் புகாது. மதியம் நெரிசல் பஸ்ஸில் விரித்தால் நெரோலி இன்னும் இருக்கிறது. அந்தப் புழுக்கத்தில் அதை முகத்தில் ஒற்றிக்கொள்ளும் சுகத்தை எந்த விலை உயர்ந்த சென்ட்டும் எனக்குத் தந்ததில்லை. வெயிலில் அலைகிறவர்கள் துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லதும்கூட. பெர்கமோட் எண்ணெயில் உள்ள பெர்காப்டன் என்ற பொருள், தோலில் வெயில் பட்டால் கருந்திட்டு வரவைக்கும். அதை நீக்கிய எண்ணெய் இப்போது பரவலாகப் புழங்கினாலும் நான் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன். பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெளிச்சமும் சூடும் பட்டால் சிட்ரஸ் கெட்டுப்போகும்.

இதே சுத்தமான வாசம் கொஞ்சம் நீடிக்க வேண்டும் என்றால் கால்வின் க்ளைனின் சிகே ஒன் சென்ட் இருக்கிறது. 1994இல் ஆல்பெர்டோ மொரியாஸும் ஹாரி ஃப்ரெமோன்ட்டும் செய்தது, ஆண் பெண் இருவருக்கும் என்றே சொல்லி விற்றது. மேலே பெர்கமோட், அடியில் மஸ்க். அந்த மஸ்க்தான் அதை மதியம் வரை இழுத்துப் பிடிக்கிறது. நல்ல சரக்குதான், ஆனால் நெரோலியின் அந்தக் கசப்பு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே தோழி, இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: 4711 உங்களுக்கு வேண்டாம். காலையில் போட்டுவிட்டு மறந்துவிட நினைக்கிறவர்களுக்கு சிகே ஒன்தான் சரி. உங்கள் வீட்டில் யாராவது இன்னும் துணிக் கைக்குட்டை வைத்திருந்தால் மட்டும் 4711 வாங்குங்கள், அதுவும் ஸ்ப்ரே அல்ல, ஊற்றுகிற பாட்டில்.