‘எடுத்தால்தான் வட்டி’ என்றார்கள்: ஓ.டி. எடுத்து நான் பட்ட பாடு

முதல் வேலையில் சேர்ந்து சம்பளக் கணக்கு வைத்திருக்கும் தம்பி, தங்கைகள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ‘உங்களுக்கு ஓ.டி. லிமிட் ரெடியாக இருக்கிறது’ என்று வங்கியிலிருந்து போன் வந்திருந்தால் கட்டாயம் படியுங்கள். ஓ.டி. என்றால் ஓவர்டிராஃப்ட்: கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு வரம்பு (லிமிட்) வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன். வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தனியார் வங்கி, அவ்வளவுதான்.

2023 ஜூன். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். கையில் வருவது 19,400. கம்பெனிக்கே வந்து எங்களுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த அதே ஆள்தான் கூப்பிட்டார். “ப்ரோ, 50,000 லிமிட் வந்திருக்கு. சும்மா போட்டு வையுங்க, எடுத்தாத்தான் வட்டி, எடுக்கலேன்னா ஒரு பைசா கிடையாது.” வட்டி 16 சதவீதம். சரி, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஆப்பில் நாலு இடத்தில் தட்டி ஓ.டி.பி. போட்டேன். அந்த ஓ.டி.பி.தான் என் கையெழுத்து என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

அன்றிரவு இரண்டு மெசேஜ். பிராசஸிங் கட்டணம் 1,999, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 2,359. கூடவே நான் கேட்காத விபத்துக் காப்பீடு 1,499. மொத்தம் 3,858. என் கணக்கில் சொந்தமாக இருந்ததோ 612 ரூபாய். மீதி 3,246 ரூபாயை லிமிட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது!

இதை நான் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் ஆப்பைத் திறந்தால் ‘அவைலபிள் பேலன்ஸ் 46,754’ என்று இருந்தது. லிமிட்டையும் சேர்த்துத்தான் அந்த எண் வரும். சம்பளக்காரன் கண்ணுக்கு அது தன் பணம் மாதிரியே தெரியும். கடன் என்று தெரிய வேண்டுமானால் உள்ளே போய் ஸ்டேட்மென்ட்டில் கழித்தல் குறி போட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். யார் பார்க்கிறார்கள்?

அக்கா பையனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான், சீர் குறைந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. 18,000 போனது. அப்புறம் போன் டிஸ்ப்ளே, தீபாவளி என்று நவம்பரில் 41,000 மைனஸ். சம்பளம் விழுந்ததும் கடன் 21,600 ஆகக் குறையும். அறை வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்புவது என்று மாதக் கடைசியில் மறுபடி 41,000. மாதம் நானூறு ரூபாய் சொச்சம் வட்டி பிடிப்பார்கள். அது வலிக்காது, டீச்செலவு மாதிரி இருக்கும். வலித்திருந்தால் அப்போதே அடைத்திருப்பேன்.

2024 மார்ச்சில் மறைமலைநகரில் வேறு கம்பெனிக்கு மாறினேன். அவர்கள் வேறு வங்கியில் சம்பளம் போட்டார்கள். பழைய கணக்கில் சம்பளம் வரவில்லை என்றதும் லிமிட்டை ரத்து செய்துவிட்டு, முழுத் தொகையையும் ஒரே வாரத்தில் கட்டச் சொன்னார்கள். எங்கே போவது? அபராதம் மேல் அபராதமாக ஏறியது. ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு வசூல் ஆள் என் அக்காவுக்குப் போன் போட்டு, “உங்க தம்பி ஓடிப்போயிட்டானா?” என்று கேட்டிருக்கிறார். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அதைப் பற்றி இனி எழுதப் பிடிக்கவில்லை.

கடைசியில் அம்மாவின் செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் அடைத்தேன். நகைக்கடன் வட்டி இதைவிடக் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. அடைத்தும் முடியவில்லை. பைக் வாங்கப் போனால் ஷோரூம்காரர் திரையைப் பார்த்து, “சிபில் கம்மியா இருக்கே தம்பி” என்றார். சிபில் என்பது நாம் கடனை ஒழுங்காக அடைத்தோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண். ஓ.டி.யும் கடன்தான், தவணை தவறினால் அதுவும் அங்கே ஏறும்.

புகார் கொடுக்கலாம் என்று சொன்னது அறையில் கூட இருந்த அண்ணன். முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரிக்கு, இணையதளத்திலேயே அனுப்பலாம். செலவு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நேராக ரிசர்வ் வங்கிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னிடம் இருந்த ஆதாரம் இரண்டுதான். ‘ஒரு பைசா கிடையாது’ என்று அந்த ஆள் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய மெசேஜ் ஒன்று. அக்காவின் போனில் இருந்த அழைப்பு நேரம் இன்னொன்று. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று 2022லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இவற்றை வைத்துப் புகார் கொடுத்தேன், காப்பீட்டுப் பணமும் அபராதமும் திரும்பி வந்தன. 2,359 வரவில்லை, நீங்கள் ஓ.டி.பி. போட்டு ஒப்புக்கொண்டதுதான் என்றார்கள். அது என் தப்புதான்.

அப்படியானால் ஓ.டி.யே எடுக்கக் கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 10,000 எடுத்து ஐந்தாம் நாள் சம்பளத்தில் அடைத்தால், 16 சதவீதத்தில் வட்டி 22 ரூபாய்தான் ஆகும். கிரெடிட் கார்டில் பாக்கி வைப்பதற்கும், ஊர் பேர் தெரியாத கடன் ஆப்பில் மாட்டுவதற்கும் இது எவ்வளவோ தேவலை. ஆனால் அந்த 22 ரூபாய் வசதிக்கு 2,359 ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டினேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். கட்டணம் எவ்வளவு, அதை எதிலிருந்து எடுப்பீர்கள், காப்பீடு உண்டா, வேலை மாறினால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அனுமதிக் கடிதத்தை அனுப்பச் சொல்லிப் படித்த பிறகு ஓ.டி.பி. போட்டிருக்கலாம்.

இன்னொன்று. பணத்தை அடைத்து பூஜ்யம் ஆக்கினால் ஓ.டி. முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும். எனக்கு யோசனை சொன்ன அந்த அண்ணனே இதில் கோட்டை விட்டார். அவரும் அதே ஆளிடம்தான் ஓ.டி. போட்டிருந்தார். போன வருடமே அடைத்துவிட்டார், மூடவில்லை. போன வாரம் ‘ஆண்டுப் புதுப்பிப்பு’ என்று 999 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் பிடித்துவிட்டார்கள். இப்போது ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு வங்கிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.