கண்ணை விட்டுக் காதைப் பிடிக்கும் கேமரா

ஷட்டர் மாற்றப்பட்டு, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த கேமராவான என் டிஎஸ்எல்ஆர் சென்ற வாரம் திரும்பி வந்தது. பழுதுபார்த்த கூலி எவ்வளவு என்று கேட்டறிந்த நண்பர், "இதோடு கொஞ்சம் சேர்த்திருந்தால் பழைய மிரர்லெஸ் ஒன்றையே வாங்கியிருக்கலாமே" என்றார். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா என்பது ஏழு ஆண்டுகளாக நானே என்னிடம் கேட்டுவரும் கேள்விதான்.

இந்தக் கேமராவின் மேல் எனக்கு ஒரே மனக்குறை. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து முகத்தைப் படமெடுத்தால், ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வைத்திருந்தாலும், கணினியில் பெரிதாக்கும்போது கண்ணிமை மங்கியும் காதோர முடி இழை இழையாகத் தெளிந்தும் நிற்கும். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸைக் கணிக்கும் உணரி, படம் பதியும் சென்சாரில் இல்லாமல் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருப்பதால், இரண்டுக்கும் ஒளி செல்லும் தொலைவு இம்மியளவு மாறினாலும் குறி பிசகும். செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, முக்காலியோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டி, இந்தப் பிசகைச் சரிக்கட்டும் ஃபோகஸ் நுண்திருத்தத்தை மைனஸ் ஏழில் நிறுத்தினேன். ஒன்றரை மீட்டரில் சரியாயிற்று. நான்கு மீட்டரில் பழைய கதைதான். கேமராவின் பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் இந்தப் பிசகு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஃபோகஸைத் தேடி முடிப்பதற்குள் குழந்தை அறையை விட்டே ஓடிவிடும்.

மிரர்லெஸ்ஸிலோ படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் கணிக்கிறது. இரவலாகக் கிடைத்த ஒன்றில் இதே லென்ஸை அடாப்டரோடு பொருத்தியபோது, எடுத்த படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கண் தெளிவாக இருந்தது. லென்ஸைப் பொருத்தும் வாயான மவுண்டிலிருந்து சென்சார் வரையிலான தொலைவு நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ., கேனன் ஈஎஃப்-இல் 44 மி.மீ.; 2018-இல் வந்த அவற்றின் மிரர்லெஸ் மவுண்டுகளான இசட், ஆர்எஃப்-இல் முறையே 16, 20 மி.மீ. மிச்ச இடைவெளியை நிரப்பும் வளையமே அடாப்டர் என்பதாலும், அந்நிறுவனங்களின் சாதாரண அடாப்டர்களுக்குள் லென்ஸ் கண்ணாடி ஏதும் இல்லை என்பதாலும், படத்தின் தரம் குறைவதில்லை. ஆயினும் தனக்கென ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் இல்லாததால் அவற்றைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

எனவே பட்ஜெட் சிறியதாக இருந்தால் கேமராவின் உடலை மட்டும் மாற்றி லென்ஸ்களை வைத்துக்கொள்வதே முறை. என் நான்கு லென்ஸ்களையும் விற்க விசாரித்தபோது, கேட்கப்பட்ட மொத்தத் தொகை புதிய மவுண்டின் ஒரு நல்ல லென்ஸின் பாதி விலைக்குக்கூட வரவில்லை.

இவ்வளவும் நண்பருக்கு விளக்கிவிட்டு, நான் மாறப்போவதில்லை என்று சொன்னேன். ஷட்டருக்குக் கொட்டிய பணத்தின் வயிற்றெரிச்சல் அதில் பாதி; கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில், மிரர்லெஸ்ஸில் இருப்பதுபோல் திரை ஏதுமின்றி நேர் வெளிச்சத்தையே பார்க்கும் சுகம் மறுபாதி. நேற்று மாலை எடுத்த பன்னிரண்டு படங்களில் ஒன்பதில் காது மிகத் தெளிவாக இருக்கிறது.