ஓரணுக் கம்பி: தங்கமா, பிளாட்டினமா, அலுமினியமா?

சாதாரணக் கம்பி என்றால் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெள்ளி, தாமிரம், தங்கம், அலுமினியம். பிளாட்டினம் எங்கோ பின்னால். அதன் மின்தடை தங்கத்தைப்போல நாலைந்து மடங்கு. ஆனால் கம்பியை மெல்ல இழுத்து, அறுவதற்குச் சற்று முன் நடுவில் ஒரே ஓர் அணு நிற்கும்படி செய்தால் இந்த வரிசை எடுபடாது.

அறை வெப்பத்தில் தங்கத்துக்குள் ஓர் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் சுமார் 40 நானோமீட்டர் போகும். ஓரணு இணைப்பின் நீளம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, சாதாரணக் கம்பியில் மின்தடையைத் தரும் மோதல் கணக்கை மூட்டை கட்டிவிடலாம். எலக்ட்ரான்கள் கடந்துபோக அணு எத்தனை வழிகளைத் திறக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. முழுக்கத் திறந்த ஒரு வழியின் மின்தடை சுமார் 12,900 ஓம். உலோகம் எதுவானாலும் அதே.

தங்கத்தை இழுத்தால் கடத்துதிறன் (மின்தடையின் தலைகீழ்) படிப்படியாக இறங்கும். கடைசிப் படியில் மின்தடை கிட்டத்தட்ட அந்த 12,900 ஓம்தான். வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான். அதனால் வழியும் ஒன்றே, அதுவும் ஏறக்குறைய முழுதாகத் திறந்தது. மேலும் இழுத்தால் பக்கத்து அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து கோத்துக்கொண்டு சங்கிலியாக நீளும். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார்கள். ஏழெட்டு அணு நீளம் வரை போனாலும் மின்தடை பெரிதாக மாறுவதில்லை. ஒரு வோல்ட் கொடுத்தால் ஓர் அணு வழியே சுமார் 77 மைக்ரோஆம்பியர்! வெப்பத்தின் பெரும்பகுதி இருபுறத்துத் தடித்த உலோகத்தில்தான் வெளிப்படுகிறது. அதனால்தான் அணு தப்பிக்கிறது.

பிளாட்டினமும் சங்கிலியாகும். அதன் டி எலக்ட்ரான்களும் (வெளிக்கூட்டுக்குச் சற்று உள்ளே இருப்பவை) வழி திறப்பதால் ஓரணுக் கடத்துதிறன் தங்கத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. பெரிய கம்பியில் தோற்றது இங்கே ஜெயிக்கிறது. ஆனால் சகவாசம் சரியில்லை: ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்று நடுவில் புகுந்தால் போதும், கடத்துதிறன் ஒரு வழி அளவுக்கு விழுந்துவிடும்.

என்னைக் கேட்டால் சுவாரசியமானது அலுமினியம்தான். அளந்தால் தங்கத்தைப் போலவே ஏறக்குறைய ஒரு வழிக்கான மதிப்பு வரும். உள்ளே இருப்பதோ மூன்று வழிகள், அரைகுறையாகத் திறந்தவை. 1.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்து, மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக்கினால், மின்னோட்டம்-மின்னழுத்த வரைபடத்தில் தெரியும் சின்னச் சின்ன மடிப்புகள் ஒவ்வொரு வழியின் திறப்பையும் தனித்தனியே காட்டிக்கொடுத்துவிடும். இழுக்கும்போது கடத்துதிறன் கொஞ்சம் ஏறவும் செய்யும். சங்கிலி மட்டும் வராது.

வெள்ளியும் தாமிரமும் தங்கம் மாதிரி ஒற்றை வழிக்காரர்கள்தான். சுத்தமான நிலையில் நீளச் சங்கிலி கிடைக்காது, சீக்கிரம் அறுந்துவிடும்.