செராமிக் என்று சொல்லி வெள்ளிப் பெயின்ட்: ஹெடர் பூசக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டெட்ராய்ட் புறநகரில் உள்ள ஒரு கோட்டிங் பட்டறை, என்னுடைய 1970-ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 காரின் ஹெடர்களுக்கு (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்களுக்கு) உள்ளும் புறமும் செராமிக் பூசுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, புறத்தில் மட்டும் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது. பழைய மசில் கார்களை (சக்திமிக்க எஞ்சின் கொண்ட அமெரிக்கக் கார்களை) புதுப்பித்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இப்படிப்பட்ட வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் முக்கியம்.

இந்தக் கார்கள் ஆலையிலிருந்து, புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுடன்தான் வந்தன. (பெயரில் 396 என்றிருந்தாலும் அந்த ஆண்டு எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம், பெயர் ஒன்று, சரக்கு வேறொன்று என்பது இந்தக் காருடன் கூடவே பிறந்தது போலும்.) அந்த மேனிஃபோல்டுக்குப் பதிலாக நாம் பொருத்தும் ஹெடர்களோ, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சுவர்த்தடிமன் கொண்ட சாதாரண எஃகுக் குழாய்கள். முழு வேகத்தில் சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியசைத் தாண்டும் என்பதால், 200 டிகிரி அளவில் சுட்டெடுக்கப்படும் வழக்கமான பவுடர் கோட்டிங் இங்கே நிற்காது. உண்மையான செராமிக் கோட்டிங் என்பது அலுமினியத் துகள்கள் கலந்த கலவையை 25 முதல் 50 மைக்ரான் தடிமனில் தெளித்து, ஓவனில் சுட்டு, பளபளப்பு வேண்டுமானால் அதன்பின் மெருகேற்றித் தருவது. மெருகேற்றிய வெள்ளி நிறப் பூச்சு பொதுவாக 700 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுவோர் கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக்கூட அந்தப் பட்டறையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் கேட்டபோது, "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள்.

பூச்சு நிற்பதும் உதிர்வதும் அதன் அடியில் செய்யப்படும் தயாரிப்பைப் பொறுத்தது. எண்ணெய்ப் பிசுக்கை ஓவனில் எரித்து நீக்கி, அலுமினியம் ஆக்சைடு மணலை வீசி, எஃகு மங்கிய சாம்பல் நிறத்தில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகும்வரை சுத்தம் செய்ய வேண்டும். அதன்பின் வெறுங்கையால் தொட்டால்கூட விரலின் எண்ணெய் படிந்து அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. என் ஹெடர்கள் கொடுத்த மறுநாள் மாலையே தயாராகிவிட்டன என்று அழைப்பு வந்தது.

பொருத்திச் சில நாள் ஓட்டியதும், மூன்றாவது சிலிண்டரின் ஃபிளேஞ்சை (குழாயை எஞ்சினுடன் பிணைக்கும் தட்டை) ஒட்டி ஒரு கொப்புளம் தென்பட்டது. நகத்தால் சுரண்டியபோது வெள்ளிப் படலம் வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. அதன் அடியில் இருந்ததோ, குழாய் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த வழவழப்பான கருநீலத் தோலும், வெல்டிங்கில் தெறித்த சிறு மணிகளும்தான்; மணல் அந்த எஃகைத் தொட்டதற்கான அறிகுறியே இல்லை. கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வாயிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்கு மெல்லிய வெள்ளிப் படலம் படிந்திருந்தது. அதற்கு அப்பால் முழுவதும் துரு.

முறையிட்டபோது உரிமையாளர் சொன்ன காரணங்கள் ஒவ்வொரு முறையும் மாறின. கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் ஓடியதால் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்றார் முதலில்.  ஆனால் கழற்றிப் பார்த்தபோது எட்டுக் குழாய்களிலும் ஒரே இடத்தில் உரிந்திருந்தது. உரிந்து எஃகு தெரிந்த இடத்தில் வெப்பமானி காட்டிய அளவும் கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது 250 டிகிரியைத் தாண்டவில்லை. (பளபளப்பான பரப்பில் இன்ஃப்ராரெட் வெப்பமானி குறைத்துக் காட்டும், வெறும் எஃகில் அளக்க வேண்டும்.) அடுத்து, புதிய எஞ்சினைப் பழக்கும்போது பூச்சு கெட்டுவிட்டது, அது உத்தரவாதத்தில் சேராது என்றார். புதிய கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) பழக்க 2000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டியிருப்பதால், அந்த வேலையைப் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டிலேயே முடித்துவிட்டதை ஹெடர் கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். அவருடைய ரசீதிலேயே அது எழுதப்பட்டிருந்தது. அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

வேறொரு பட்டறையில், பல்லாண்டுகளாக இதே வேலை செய்யும் பெரியவர் ஒருவர், சூடு அதிகம் எட்டாத கலெக்டர் முனையில் (குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில்) அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தார். துணியெல்லாம் வெள்ளி நிறம். ஒழுங்காகச் சுட்ட செராமிக் அசிட்டோனுக்கு அசையாது. நான் பெற்றிருந்தது ஓவனையே பார்க்காத ஹீட் பெயின்ட்.

உத்தரவாதத் தாளின்படி அவர்கள் தர வேண்டியது மறுபூச்சு மட்டும்தான். பிக் பிளாக் எனப்படும் இந்தப் பெரிய எஞ்சினில் ஹெடரைக் கழற்ற ஸ்டார்ட்டரை இறக்கி, எஞ்சினையும் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியும் கேஸ்கெட் செலவும் நம் தலையில். அதே கைகளிடம் மீண்டும் கொடுக்க மனமில்லாததால், படங்களையும் ரசீதையும் வைத்து கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டேன். பூச்சுக்குக் கொடுத்த தொகை திரும்பி வந்தது. கழற்றி மாட்டிய செலவு வரவில்லை.

பெரியவரின் பட்டறையில் இப்போது வேலை நடக்கிறது. ரசீதில் பூச்சின் வணிகப்பெயர், அது தாங்கும் வெப்பம், உட்புறமும் பூசப்படும் என்ற வரி ஆகியவற்றை எழுதி வாங்கியிருக்கிறேன். மணல் வீசி முடித்ததும், பூசுவதற்கு முன்பாக, குழாய்களின் உள்ளும் புறமும் படம் எடுத்து அனுப்பிவிட்டார். ஹெடர்களுடன் அதே எஃகுக் குழாயின் வெட்டுத் துண்டு ஒன்றையும் கொடுத்து, கூடவே பூசித் தரச் சொன்னேன். அதை கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சாமல் 500 டிகிரி வரை மட்டும் சூடாக்கி, ஆறவிட்டு, கத்தியால் சுரண்டிப் பார்த்த பிறகே ஹெடரை எஞ்சினில் ஏற்றுவேன். இப்படி ஒரு துண்டைச் சேர்த்துப் பூசித் தருமாறு முதல் பட்டறையிலும் கேட்டிருந்தேன். நேரமில்லை என்று மறுத்துவிட்டார்கள்.