நாய்க்கடிக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது இந்த நிலையம். கருவாடு காயப்போடும் இடத்தில் நாய்கள் எந்நேரமும் சுற்றும். அதில் ஒன்று என் மகனின் கெண்டைக்காலில் ரத்தம் வரக் கடித்துவிட்டது. மாமியார் மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டப் பார்த்தார், நான் விடவில்லை.

சீட்டுப் போடும் முன்பே சிஸ்டர் அவன் காலைக் குழாயடியில் நீட்டச் சொல்லி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தார். அப்புறம் இரண்டு தோளிலும் தடுப்பூசி. அன்று, 3, 7, 28ஆம் நாள் என்று சீட்டில் குறித்தும் கொடுத்தார். காசு கிடையாது.

"நாய் நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னது எங்கள் ஊரில் எல்லோரும் கேட்க வேண்டியது. நாய்க்கு வெறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வெறிநோய் (ரேபிஸ்) கிருமி வந்துவிடுமாம். வெறி ஏறினால் கல், கட்டை எதையும் கடிக்கும். சில நாய்கள் தாடை தொங்கி மூலையில் சுருண்டு கிடக்கும். இந்த நோய் வந்த மாடு, தொண்டையில் ஏதோ சிக்கியது போலக் கத்தும், வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கவே கூடாது. மனிதருக்கு வந்தால் வேறு மாதிரி. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், முகத்தில் காற்றுப் பட்டாலே தூக்கிப் போடும். நாய்க்கு இந்தத் தண்ணீர்ப் பயம் இல்லை. நோயாளி நாய் போலக் குரைப்பார் என்று எங்கள் தெருவில் சொல்வதும் தப்பு, தொண்டைத் தசை இழுக்கும்போது வரும் சத்தம் அது. அடுத்தவரைக் கடிப்பதும் அரிது. சிலருக்கு வெறியே இல்லாமல் கை கால் மட்டும் விழுந்துவிடும். பிதற்றிக்கொண்டே இருப்பவர் நடுநடுவே தெளிந்து, பக்கத்தில் நிற்பவரை அடையாளம் கண்டு பேசவும் செய்வாராம். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்து ஒன்றிரண்டு மாதம் கழித்துக்கூட வரும் என்பதால், "ஒன்னும் ஆகலையே" என்று ஊசியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஒரு குறை உண்டு. காயத்துக்குள்ளேயே போடும் சீரம் ஊசி இங்கே இல்லை. ரத்தக் காயத்துக்கு அது கட்டாயம் என்று ராமநாதபுரம் அனுப்பினார்கள். கடித்த காலோடு பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிப் போனோம். இத்தனை நாய் இருக்கும் கரையில் அதையும் இங்கேயே வைக்க வேண்டும்.

கடித்தது எந்தத் தெரு நாய் என்று சொல்லிவிடுங்கள். 10 நாள் அதைக் கவனிக்கச் சொல்வார்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போட மாட்டார்கள்.